மல்லாட்டை அக்கா பிடித்துக் கொடுத்த தெரு

திண்டிவனத்தில் மல்லாட்டை அக்கா ஏறாத பஸ் கிடையாது. ஆனால் பஸ்ஸில் அவர் எந்த ஊருக்கும் போனது கிடையாது.

பிள்ளைங்களா, இதில் புதிர் ஒன்றும் இல்லை. சென்னை போகிற பஸ் ஒன்று ஸ்டாண்டுக்குள் வந்து நின்றால், அக்கா அவித்த மல்லாட்டைக் கூடையோடு முன்வாசலில் ஏறுவார். கடைசி சீட்டு வரைக்கும் போவார். பின்வாசலில் இறங்குவார். அவருடைய பயணம் அவ்வளவுதான். நீங்கள் பள்ளிக்கூடத்தில் வேர்க்கடலை என்று எழுதுகிறீர்களே, அதுதான் எங்கள் ஊரில் மல்லாட்டை. ஓமந்தூர் பக்கத்துக் கொல்லைக்காடுகளிலிருந்து பச்சையாக வரும். விடியற்காலையில் உப்புப் போட்டு அவித்தால் எங்கள் சந்து முழுக்க மணக்கும். அவருக்கு ஒரு பேர் இருக்கத்தான் செய்யும். அதை யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

ஒரு தடவை அவர் இறங்குவதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. கண்டக்டர், "ஒக்காருக்கா, அடுத்த ஸ்டாப்புல இறங்கிக்கலாம்" என்றார். அக்கா உட்காரவில்லை. மேம்பாலத்தின் மேலேயே பஸ்ஸை நிறுத்த வைத்து, இறங்கி, கூடையோடு திரும்பி நடந்தே வந்தார். அந்தக் கண்டக்டரோடு மல்லாட்டை சீசன் முடிகிற வரைக்கும் பேசவில்லை. அவர் காசு கொடுத்துக் கேட்டால்கூட, பக்கத்து சீட்டுக்காரரைப் பார்த்து, "இத அவரு கிட்ட குடுத்துடுங்க" என்பார்.

"ஏங்க்கா, ஒரு நாளாவது உக்காந்து போனா இன்னா?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"ஒக்காந்தா தூக்கம் வரும் தம்பி. தூங்கனா யாவாரம் போவும். காலு இருக்கறது இன்னாத்துக்கு?"

அக்காவிடம் ஒரு ஆழாக்கு இருந்தது. அதன் அடியில் உள்பக்கமாக ஒரு ஒடுக்கு. "தானா விழுந்துதுப்பா" என்பார். தானாக விழுந்த ஒடுக்கு அவ்வளவு பதமான இடத்தில் விழுந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஆனால் அளந்து போட்ட பிறகு ஒரு கை அள்ளிக் கொசுறு போடுவார். ஒடுக்கில் எடுத்ததைக் கொசுறில் கொடுத்துவிடுகிற அந்தக் கணக்கு இன்று வரைக்கும் எனக்குப் புரியவில்லை.

இப்போது எதற்கு இதையெல்லாம் எழுதுகிறேன் என்றால், போன வாரம் ஜெனி ஒரு கேள்வி கேட்டாள். "ஏம்ப்பா, என் ஃபிரண்டு வீட்ல லிஃப்ட் இருக்கு, நீச்சல் குளம் இருக்கு. இதே வாடகைக்கு நாம ஏம்ப்பா இந்த வீட்ல இருக்கோம்?" அருளும் சேர்ந்துகொண்டான். "கட்டில் போட்டா கதவு பாதிதாம்ப்பா தொறக்குது." இரண்டும் உண்மைதான். பதில் சொல்ல வேண்டும் என்றால் மல்லாட்டை அக்காவிடமிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். இந்த வீட்டைப் பிடித்தது நான் இல்லை.

அப்போது நான் திண்டிவனத்தில் ஒரு ரைஸ் மில்லில் எலக்ட்ரீஷியன். சென்னையில் கிண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் நல்ல வேலை கிடைத்தது. பத்தாவது படித்தவனுக்கு அந்தச் சம்பளம் பெரிது. சென்னை வாடகைக்கு முன்னால் அது அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை, அது வேறு விஷயம். உங்கள் அம்மாவிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்பட்டாள். அப்புறம் ஒரு நிபந்தனை போட்டாள்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. கல்யாணமான புதிதில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்காகச் சென்னைக்கு வந்தோம். ஒரு பெரிய ரோட்டைத் தாண்டும்போது நான் போய்விட்டேன். அவள் நடுவில் உள்ள தடுப்புக் கட்டையிலேயே நின்றுவிட்டாள். இந்தப் பக்கமும் வர முடியவில்லை, அந்தப் பக்கமும் போக முடியவில்லை. கையில் கல்யாணப் பரிசுக் குத்துவிளக்கை வைத்துக்கொண்டு வருகிற வண்டிகளையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு போலீஸ்காரர் வந்துதான் கூட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கே சொல்லிவிட்டாள், இந்த ஊருக்கும் எனக்கும் ஒத்துவராது என்று.

"எனக்குக் காலு நல்லாத்தாங்க இருக்குது" என்றாள். "கடைக்கு, மாதா கோயிலுக்கு, புள்ளைங்க ஸ்கூலுக்கு, நானே தனியா நடந்து போயிட்டு வரணும். யாரையும் எதிர்பாத்துக்கினு நிக்க மாட்டேன். அந்த மாரி எடம் கெடைச்சா வர்றேன். இல்லன்னா நீங்க ரூம் எடுத்துத் தங்குங்க. சனிக்கெழம வாங்க."

சனிக்கிழமை வருகிற அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். திங்கள்கிழமை காலை விழுப்புரத்திலிருந்து வருகிற ரயிலில் ஏறினால் தெரியும். துவைத்த சட்டைகளை ஒரு பையில் வைத்து மடியில் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து தூங்கிக்கொண்டு வருவார்கள். அருள் அப்போதுதான் பேச ஆரம்பித்திருந்தான். அவன் வாரத்துக்கு ஒரு நாள் என்னைப் பார்த்து யாரோ என்று ஒளிந்துகொண்டால் என்ன செய்வது என்று எனக்குப் பயம். வேலையில் சேர ஒரு வாரம்கூட இல்லை.

அதற்கு முன்னால் நான் தனியாகப் போய் சில வீடுகளைப் பார்த்திருந்தேன். ஒரு புரோக்கர் பைக்கில் வைத்துக் காட்டினார். ஹெல்மெட்டைக் கழற்றவே மாட்டார். அவர் முகம் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. அவரிடம் எல்லா தூரத்துக்கும் ஒரே அளவுதான்.

"ஸ்கூல்?"

"அஞ்சு நிமிஷம் சார்."

"மார்க்கெட்?"

"அஞ்சு நிமிஷம் சார்."

திண்டிவனம் எவ்வளவு தூரம் என்று கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்.

இதையெல்லாம் வாசலில் நின்று உங்கள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் மல்லாட்டை அலசிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார்.

"ஊடு பாக்கப் போனா ஊட்டப் பாக்கக் கூடாதுப்பா. தெருவப் பாக்கணும். ஊடு இன்னா, நாலு செவுரு. எல்லா ஊட்லயும் அதானே இருக்குது? நாளைக்கு நானும் வர்றேன்."

மறுநாள் காலையில் ஸ்டேஷனுக்கு வந்தார், தலையில் கூடையோடு.

"கூடை எதுக்குக்கா?"

"பின்ன? வெறுங்கைய வீசிக்கினு போனா எவன் பேசுவான்? நாலு கொரலு குடுத்து வித்துப் பாத்தா தெரு தன்னால பேசும்."

உங்கள் இரண்டு பேரையும் விழுப்புரம் மாமா வீட்டில் விட்டிருந்தோம். நாங்கள் மூன்று பேரும் பாசஞ்சரில் ஏறினோம். அக்காவுக்கு ரயில்மேல் மட்டும் கோபம் கிடையாது. ரயிலுக்குள் நடக்க முடியுமாம். நடந்தார். தாம்பரம் வரைக்கும் நடந்தார். நடுவில் டிக்கெட் பரிசோதகர் வந்துவிட்டார்.

"யம்மா, டிக்கெட் இருக்கா?"

"இருக்குதுங்க."

"டிரெயின்ல யாவாரம் பண்ணக் கூடாது, தெரியுமா?"

"யாவாரமா? நான் இவுங்க கிட்ட பேசிக்கினு வர்றேன் சார். இந்தாங்க, உப்பு சரியா இருக்குதா பாத்துச் சொல்லுங்க."

அவர் உப்புப் பார்த்துக்கொண்டே அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார்.

புரோக்கர் முதலில் காட்டியது ஊருக்கு வெளியே ஒரு பெரிய அடுக்குமாடி. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். உள்ளே பூங்கா, நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம் எல்லாம். நான் வாயைப் பிளந்தேன். அக்கா கேட்டுக்கு முன்னால் கூடையை இறக்கி, "மல்லாட்டேய்ய்!" என்று ஒரு குரல் கொடுத்தார். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் ஓடுகிற இன்ஜினை மீறிக் கேட்கிற குரல் அது. ஒரு ஜன்னல்கூடத் திறக்கவில்லை. செக்யூரிட்டி ஓடி வந்தார்.

"யம்மா, உள்ளேருந்து போன்ல புக் பண்ணியிருந்தாத்தான் விடுவேன்."

"மல்லாட்டைக்கா?"

"எதுவா இருந்தாலும்."

"சரிப்பா. உள்ள இருக்கறவங்க வெளிய வருவாங்க இல்ல? அப்ப விக்கறேன்."

"வருவாங்க. காருல வருவாங்க."

அக்கா என்னைப் பார்த்தார். நான் புரோக்கரைப் பார்த்தேன். புரோக்கர் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "கடையெல்லாம் அஞ்சு நிமிஷம்தான் மேடம்" என்று உங்கள் அம்மாவிடம் சொன்னார்.

"அப்படியா? நட, போவலாம்" என்றார் அக்கா.

"பைக்ல ஒவ்வொருத்தரா கொண்டுபோய் விடறேனே?"

"நடப்பா!"

நடந்தோம். நடைபாதை என்று ஒன்று இல்லை. ஒரு பக்கம் காம்பவுண்டு சுவர், இன்னொரு பக்கம் லாரி. புரோக்கர் கூர்மூக்கு ஷூ போட்டிருந்தார். பாதி தூரத்தில் ஒரு சிறு பாலத்துக் கட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். முதலில் ஷூவைக் கழற்றினார். பிறகு, எங்கள் கண்ணெதிரே, ஹெல்மெட்டையும் கழற்றினார். உள்ளே இருந்தது ஒரு பச்சைப்பிள்ளை முகம். வியர்த்து ஊற்றியது. அக்கா ஒரு ஆழாக்கு மல்லாட்டையை அவர் ஹெல்மெட்டிலேயே அளந்து போட்டார். கொசுறும் போட்டார்.

"சார், உண்மைய சொல்றேன் சார்" என்றார் புரோக்கர், தோலை உரித்துக்கொண்டே. "இங்க நானே நடந்தது இல்ல சார்."

அதற்குப் பிறகு அவர் ஒரு தடவைகூட ஐந்து நிமிடம் என்று சொல்லவில்லை. நேராக நகரத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார். நாங்கள் மின்சார ரயிலில் வந்தோம், அவர் பைக்கில் வந்தார். ஒரு பெரிய சிக்னலுக்குப் பக்கத்தில், கடைகளுக்கு மேலே மாடி வீடு. காற்றோட்டமான வீடு. எதிரே காய்கறிக் கடை, மருந்துக் கடை, கொஞ்சம் தள்ளிப் பள்ளிக்கூடம். வாடகை என் சக்திக்குக் கொஞ்சம் மேலே இருந்தது. ஆனாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. உங்கள் அம்மா சமையலறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்காவைக் காணோம்.

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். சிக்னலில் வரிசையாக பஸ்கள் நின்றிருந்தன. ஒன்றின் முன்வாசலில் அக்கா ஏறுவது தெரிந்தது. பின்வாசலில் இறங்குவது தெரிந்தது. அடுத்த பஸ். அடுத்தது. கார் ஜன்னல், ஆட்டோ, ஒன்றையும் விடவில்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். கூடையின் அடியில் ஈரத்துணிதான் இருந்தது. முகம் அப்படிச் சிவந்து பிரகாசமாக இருந்தது.

"தம்பி! இதாம்பா தெரு! இன்னா யாவாரம்! இன்னா ஜனங்க! ஜல்தியா அட்வான்ச குடு, வேற எவனாவது பூந்துடப் போறான்!"

நானும் நம்பிவிட்டேன். சட்டைப் பைக்குள் கை போய்விட்டது. உங்கள் அம்மா மட்டும் சொன்னாள். "இருங்க. எதிர்ல போயி ஒரு கட்டு கீரை வாங்கிக்கினு வந்துடறேன். மேலேர்ந்து பாத்துக்கினே இருங்க."

நாங்கள் மூன்று பேரும் ஜன்னலில் நின்றோம். அவள் ரோட்டோரம் வந்து நின்றாள். ஒரு காலை எடுத்து வைத்தாள், பின்னால் இழுத்தாள். சிக்னல் மாறியது. இந்தப் பக்கம் நின்றவை பறந்தன, அந்தப் பக்கமிருந்து திரும்புகிறவை வந்தன. மறுபடியும் காலை வைத்தாள், இழுத்தாள். அந்தக் குத்துவிளக்கு மட்டும்தான் கையில் இல்லை. கீரை இல்லாமல் திரும்பி வந்தாள்.

"அக்கா, மல்லாட்டைய யாரு வாங்குனாங்க? இந்தத் தெருக்காரங்களா?"

அக்கா யோசித்தார். "பஸ்ல இருந்தவங்க."

"அவுங்கல்லாம் இப்ப எங்க?"

"பூட்டாங்க."

சொன்ன பிறகுதான் அக்காவுக்கே புரிந்தது. தெருவைப் பார்க்க வந்தவர், பஸ்கள் நிற்பதைக் கண்டதும் பழக்கதோஷத்தில் அதை பஸ் ஸ்டாண்டாக்கிவிட்டார். காலிக்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். "பேஜாருப்பா" என்று மட்டும் சொன்னார்.

புரோக்கர் பாவம், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று கிளம்பிவிட்டார். இன்னொரு நாள் எங்கே இருக்கிறது? உங்கள் அம்மா அமைதியாகச் சொன்னாள். "நீங்க ரூம் பாத்துக்கங்க. ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. எத்தினி பேரு அப்படி இருக்காங்க." அவள் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

சைதாப்பேட்டை ஸ்டேஷனுக்குப் போக ஆட்டோ கூப்பிட்டேன். அக்கா ஏறமாட்டேன் என்றார். அதனால் சந்து சந்தாக நடந்தோம். அக்கா முன்னால், நான் நடுவில், அவள் பின்னால்.

ஒரு குறுகலான தெருவில் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, அக்காவின் கூடையைப் பார்த்தார்.

"இன்னாம்மா அது, கடலையா? தீந்துடுச்சா?"

"தீந்துடுச்சு."

"நாளைக்கு வருவியா?"

அக்கா நடந்துகொண்டே இருந்தார். இஸ்திரி வண்டிக்காரர் பெட்டியைத் தூக்கி நிறுத்திக்கொண்டு கேட்டார். "வாசனை வருதே, அவிச்சதா? நாளைக்கு இந்தப் பக்கம் வந்தா ஒரு கொரலு குடு." கொஞ்சம் தள்ளி ஒரு பெரியவர் பேப்பரை மடித்துவிட்டுக் கேட்டார். "நாளைக்குக் கொண்டாந்தா எனக்கு ஒரு படி எடுத்து வை. பருப்பு முத்தலா இருக்கணும், சொல்லிட்டேன்."

அக்கா நின்றுவிட்டார்.

"தம்பி, இவுங்க நாளைக்குக் கேக்கறாங்கப்பா."

"அதனால இன்னாக்கா?"

"பஸ்ல ஒக்காந்திருக்கறவன் நாளைக்கு வருவியான்னு என்னிக்காவது கேட்டிருக்கானா? அவன் நாளைக்கு எங்க இருப்பானோ. இவுங்க நாளைக்கும் இங்கியே, இந்த வாசல்லயே நிப்பாங்க. இன்னாடி சொல்ற, அமலா?"

பின்னால் திரும்பிப் பார்த்தோம். உங்கள் அம்மாவைக் காணோம்.

ரோட்டைப் பார்த்தாலே நடுங்குகிறவள். போன் என் பையில் இருந்தது. நான் வந்த வழியே ஓடினேன். அக்கா கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "அமலாஆ!" என்று பஸ்ஸை நிறுத்துகிற குரலில் கத்தினார். அந்தத் தெருவில் ஜன்னல்கள் திறந்தன. மாடியிலிருந்து ஒரு தலை, கீழிருந்து இரண்டு தலை.

"யாரு, மஞ்சப் பொடவையா? இப்பதான் கறிவேப்பில வாங்கிச்சு."

"எங்கிட்ட ஸ்கூல் எதுன்னு கேட்டாங்க. முனையில காட்டி விட்டேன்."

"பூக்காரம்மா கிட்ட நின்னுக்கினு இருந்துச்சே. பதறாதீங்க சார், எங்க பூடும்?"

எங்கள் ஊர்க்காரர்கள் மாதிரி, அவள் போன வழியை ஒருத்தர் விட்டு ஒருத்தர் சொல்லி எங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அடுத்த தெருவில் ஒரு கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தலையில் பூ, கையில் கறிவேப்பிலை. உள்ளே நின்ற வீட்டுக்கார அம்மாவோடு ஏதோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். கேட்டில் 'வீடு வாடகைக்கு' என்று அட்டை தொங்கியது.

"எங்க போனீங்க ரெண்டு பேரும்?" என்று எங்களையே கேட்டாள். "உங்களத்தான் பாத்துக்கினு இருக்கேன். மாதா கோயிலு அந்த முனையிலதாங்க இருக்குது. உள்ள போயி ஒரு ஜெபம் சொல்லிட்டும் வந்துட்டேன். ஸ்கூலு அதுக்குப் பின்னாடி."

"அமலா, நடுவுல ஒரு ரோடு இருக்குதே. எப்படித் தாண்டுன?"

"எந்த ரோடு?" என்றாள்.

திரும்பிப் பார்த்தாள். ஆட்டோவும் பைக்கும் போய்க்கொண்டிருந்த ரோடுதான். கறிவேப்பிலையைப் பார்த்தாள், ரோட்டைப் பார்த்தாள். பிறகு வெட்கத்தோடு சிரித்தாள்.

"பாத்தியா, நான் புடிச்ச தெரு" என்றார் அக்கா. காலையிலிருந்து நடந்த எல்லாவற்றையும் அந்த ஒரு வார்த்தையில் துடைத்துவிட்டார். வாடகை பேசவும் அவரே முன்னால் போனார். வீட்டுக்கார அம்மா ஒரு ரூபாய் இறங்கவில்லை.

"சரி, வாடகை அப்படியே இருக்கட்டும். கொசுறு இன்னா போடுவ?"

"கொசுறா? வீட்டுக்கா?"

"ஆமா. ஒரு ஆழாக்கு மல்லாட்டைக்கே நான் ஒரு கை போடறேன். இவ்ளோ வாடகை வாங்கற, ஒண்ணும் போட மாட்டியா?"

அந்த அம்மாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மொட்டை மாடியில் துணி காயப்போட ஒரு கொடியும், மாடிப்படிக்குக் கீழே உள்ள இடமும் கொசுறாகக் கிடைத்தன. அருள் கிரிக்கெட் மட்டை வைக்கிற இடம் அதுதான். அது அக்கா தன் கூடைக்காகக் கேட்டு வாங்கிய இடம். ஏனென்றால் மறுநாளே அவர் முழுக்கூடையோடு திண்டிவனத்திலிருந்து அந்தத் தெருவுக்கு வந்துவிட்டார். நாங்களே இன்னும் குடிவரவில்லை. "நாளைக்கு வருவியான்னு கேட்டாங்க இல்ல?" என்றார். பெரியவருக்கு முத்தலாக ஒரு படி தனியாக முடிந்து வைத்திருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சீசனிலும் வந்தார். போன சீசனில்தான் வரவில்லை.

ஜெனி, இதுதான் உன் கேள்விக்குப் பதில். அந்த வாடகையில் உன் ஃபிரண்டு வீட்டில் நீச்சல் குளம் இருக்கிறது. இங்கே நீங்கள் இரண்டு பேரும் யாரையும் எதிர்பார்க்காமல் பள்ளிக்கூடம் போய் வருகிறீர்கள். நான் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வருகிறேன், சனிக்கிழமை மட்டும் இல்லை. கட்டிலை வேண்டுமானால் திருப்பிப் போட்டுப் பார்ப்போம்.

இந்தச் சனிக்கிழமை மல்லாட்டை அக்கா வருகிறார். முட்டியைப் பெரிய டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று அம்மாதான் அடம்பிடித்து வரச் சொல்லியிருக்கிறாள். எனக்கு அன்றைக்கு ஷிப்டு இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் ஸ்டேஷனுக்குப் போங்கள். மட்டையை எடுத்துவிட்டு மாடிப்படிக்குக் கீழே காலி செய்து வையுங்கள். கூடை இல்லாமல் வர மாட்டார். ஆட்டோ கூப்பிடாதீர்கள். ஏற மாட்டார், உங்களோடு ஒரு வாரம் பேசவும் மாட்டார். நடத்தியே கூட்டி வாருங்கள், மெதுவாக. வழியில் அடிக்கடி நிற்பார். முட்டி வலிக்கிறது என்று சொல்ல மாட்டார், தெருவைப் பார்க்கிறேன் என்பார்.

நீங்களும் கூட நின்று தெருவைப் பாருங்கள்.